எளிமை யாருக்கு? வீட்டுத் திரைக்கு ஒரு கருவியைத் தேர்ந்தெடுக்குமுன்





தொலைக்காட்சியின் பின்புறம் செருகும் விரலளவுக் கருவி ஒன்றை வாங்கச் சென்றால், கடைக்காரர் தவறாமல் சொல்லும் வாசகம் ஒன்றுண்டு: "ரொம்ப ஈஸிங்க, மாட்டினா போதும்." அவர் சொல்வது பொய்யன்று. இருபத்தைந்து வயதுடைய அவருக்கு அது எளிதுதான். ஆனால் ஒரு வீடு ஒரே வயதினரால் ஆனதன்று. எழுபதைக் கடந்த உம்மா இருக்கிறார்; ஏழு வயதுப் பிள்ளை இருக்கிறான்; பகலெல்லாம் உழைத்து அலுத்துத் திரும்பும் நடுவயதினராக நாங்கள் இருக்கிறோம். ஆகவே, "எளிதா?" என்று கேட்பதற்கு முன் "யாருக்கு எளிது?" என்று கேட்க வேண்டியிருக்கிறது.

தொலைக்காட்சியே வேண்டாம் என்று முடிவெடுத்த குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அவர்களின் முடிவை நாங்கள் மதிக்கிறோம். திரை ஏற்கெனவே கூடத்தில் இடம்பிடித்துவிட்ட வீடுகளுக்காகவே இதை எழுதுகிறோம்.

எதற்காகத் தேடினோம்?

கருவிகளைப் பற்றிப் பேசுமுன், அவற்றால் ஆக வேண்டிய காரியம் என்ன என்பதைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. எங்கள் வீட்டின் தேவைகள் மூன்று.

முதலாவது, மக்கா ஹரம் ஷரீஃபின் நேரலை. குறிப்பாக ரமலான் இரவுகளில். சவூதி நேரம் நம் நேரத்தைவிட இரண்டரை மணி பின்தங்கியது. ரமலானில் அங்கே தராவீஹ் தொடங்கும் வேளையில் இங்கே இரவு 11 மணியைத் தாண்டியிருக்கும். வீடு உறங்கிவிட்டிருக்கும். விழித்திருப்பவர் உம்மா மட்டுமே.

இரண்டாவது, குடும்பத்தின் சொந்தச் சேமிப்பு. 1980-களில் வளைகுடா நாடுகளுக்குச் சென்ற நம் ஊர்க்காரர்கள் பலர் கடிதத்தோடு கேசட்டும் அனுப்பினார்கள். அறையில் தனியே அமர்ந்து பேசிப் பதிவு செய்த கேசட், விடுமுறையில் ஊர் திரும்பும் யாரேனும் ஒருவர் பெட்டியில் வந்துசேரும். மர்ஹூம் எங்கள் வாப்பா அனுப்பியவற்றில் எஞ்சியவை 9. அவற்றையும் குடும்பத்து நிக்காஹ் வீடியோ நாடாக்கள் நான்கையும் கணினிக் கோப்புகளாக மாற்றி வைத்திருக்கிறோம்.

மூன்றாவது, பிள்ளைகளின் பாடங்கள், குர்ஆன் ஓதும் பயிற்சிகள், அவர்கள் வயதுக்கேற்ற படங்கள்.

இத்தேவைகளை முன்வைத்து, எங்கள் வீட்டிலும் உடன்பிறந்தோர் வீடுகளிலுமாகப் பல வகைக் கருவிகளையும் மென்பொருள்களையும் பயன்படுத்திப் பார்த்தோம். விளம்பரங்கள் பேசும் திரைத்தெளிவு, நினைவகம், வேகம் ஆகியவற்றை ஒதுக்கிவிட்டு மூன்றே கேள்விகளைக் கேட்டோம்.

1. தொலைக்காட்சி அணைந்திருக்கும் நிலையிலிருந்து, வேண்டியது திரைக்கு வர எத்தனை முறை பொத்தானை அழுத்த வேண்டும்?
2. கை தவறி வேறிடம் சென்றுவிட்டால், எவர் உதவியுமின்றித் திரும்பிவர வழி உண்டா?
3. பார்க்க எண்ணியது முடிந்ததும் கருவி நிற்குமா, தானாகவே வேறொன்றைத் தொடங்குமா?

முதல் இரண்டும் உம்மாவுக்கான கேள்விகள். மூன்றாவது பிள்ளைகளுக்கானது, உண்மையில் எங்களுக்கும் உரியது.

பென்டிரைவ் என்னும் பழைய நண்பன்

கோப்புகளைப் பென்டிரைவில் நிரப்பித் தொலைக்காட்சியில் செருகுவதை இளையவர்கள் பழமை என்று சிரிக்கலாம். எங்கள் மூன்று கேள்விகளுக்கும் அது தாழ்ந்துபோகவில்லை. இணையம் வேண்டாம், கணக்கும் கடவுச்சொல்லும் வேண்டாம், விளம்பரம் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அது எல்லையுள்ள பெட்டி. உள்ளே இருப்பது தீர்ந்தால் தீர்ந்ததுதான்.

அதில் இரு தடைகள் உண்டு. ஃபேட்32 முறையில் வடிவமைத்த பென்டிரைவில் 4 ஜிபியை எட்டும் ஒற்றைக் கோப்பை வைக்க இயலாது. நீண்ட நிக்காஹ் வீடியோ எளிதில் அந்த எல்லையைத் தாண்டிவிடும். இன்னொன்று, சில கோப்புகளில் படம் ஓடும், ஒலி வராது. டிடிஎஸ் போன்ற ஒலிமுறைகள் பல தொலைக்காட்சிகளில் சேர்க்கப்படாததே காரணம். தொலைக்காட்சி பழுதாகிவிட்டதாக எண்ண வேண்டியதில்லை. ஹேண்ட்பிரேக் என்னும் இலவச மென்பொருளால் அக்கோப்பை எம்பி4 வடிவில், எச்.264 படமும் ஏஏசி ஒலியுமாக மாற்றிவிட்டால் ஏறக்குறைய எல்லாத் தொலைக்காட்சிகளிலும் ஓடும்.

எனினும் மக்கா நேரலையைப் பென்டிரைவில் காண முடியாது. எனவே தேடல் தொடர்ந்தது.

கைப்பேசியே ரிமோட்டாகும்போது

2013-இல் கூகுள் வெளியிட்ட குரோம்காஸ்ட், 35 டாலர் விலையில் புதிய வழியைக் காட்டியது. அதற்கு ரிமோட் இல்லை. கைப்பேசியில் தேர்ந்தெடுத்து, மூலையிலுள்ள சிறு குறியைத் தொட்டால் தொலைக்காட்சியில் ஓடத் தொடங்கும். பலர் எண்ணுவதுபோல அப்போது படம் கைப்பேசி வழியாகப் பாய்வதில்லை. எதை இயக்க வேண்டும் என்ற செய்தியை மட்டும் கைப்பேசி அனுப்புகிறது, படத்தை அக்கருவியே இணையத்திலிருந்து நேரடியாக எடுத்துக்கொள்கிறது.

கைப்பேசியில் பழகியவருக்கு இதைவிட எளிதொன்றில்லை. ஆனால் கைப்பேசி ஒரு மனிதருக்குரியது, தொலைக்காட்சியோ வீட்டுக்குரியது. கைப்பேசியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒருவர் இஷாவுக்குப் பள்ளிக்குச் சென்றுவிட்டால், வீட்டிலிருக்கும் பெரியவருக்கு ரிமோட்டும் வெளியே போய்விட்டது என்று பொருள். 2020-இல் கூகுளே ரிமோட்டுடன் கூடிய குரோம்காஸ்ட்டை வெளியிட்டது. 2024-இல் குரோம்காஸ்ட் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. கையில் பிடித்து அழுத்தும் பொத்தானுக்கு இன்னும் தேவை இருக்கிறது என்பதையே இது காட்டுகிறது.

ரிமோட்டுடன் வரும் கருவிகள்

இவ்வகையில் நம் குடும்பங்கள் சந்திப்பவை நான்கு: அமேசானின் ஃபயர் டிவி ஸ்டிக், கூகுள் டிவி மென்பொருளில் இயங்கும் கருவிகளும் தொலைக்காட்சிகளும், ஆப்பிள் டிவி, ரோக்கு. கடைசியானது 2008 முதல் இருந்துவருவது. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் வாழும் உறவினர் வீடுகளில் காணலாம்.

ரோக்குவின் முகப்பு கட்டங்களாலான ஓர் அட்டவணை. எந்தச் செயலியை எங்கே வைத்தோமோ அங்கேயே இருக்கும். முதியவர்கள் எழுத்தைப் படித்து வழி கண்டுபிடிப்பதைவிட, "மேல்வரிசையில் இரண்டாவது" என்று இடத்தை நினைவில் வைத்தே கண்டுபிடிக்கிறார்கள். சமையலறை அலமாரியில் சீரகமும் மிளகும் இருக்குமிடம் கைக்குத் தெரிவதுபோன்றது அது. இடம் மாறாமை எளிமையின் முதல் இலக்கணம்.

இந்தியாவுக்கு 2017-இல் வந்த ஃபயர் டிவி ஸ்டிக் குறைந்த விலையில் கிடைப்பதால் நம் வீடுகளில் மிகப் பரவலானது. பொத்தான்கள் அழுத்தமானவை, பொருத்துவதும் எளிது. ஆனால் முகப்பின் பெரும்பகுதியை "இதைப் பாருங்கள்" என்னும் பரிந்துரைகள் எடுத்துக்கொள்கின்றன. நாம் தேடிச் சென்றது சற்றுக் கீழே ஒதுங்கி நிற்கும். அமைப்புகளில், முகப்பில் வரும் படங்கள் தானாக ஓடுவதை நிறுத்தும் வசதி இருக்கிறது. வாங்கிய அன்றே அதை நிறுத்திவிடுவது நல்லது.

கூகுள் டிவியின் முகப்பும் பரிந்துரைகளால் நிரம்பியதே. எனினும் அதில் பலர் அறியாத வசதி ஒன்றுண்டு: "செயலிகள் மட்டும்" என்னும் நிலை. அதைத் தேர்ந்தெடுத்தால் பரிந்துரைகள் பெரும்பாலும் மறைந்து, நிறுவிய செயலிகளின் வரிசை முன்னுக்கு வரும். குரல் உதவி போன்ற சில வசதிகளை அதற்கு விலையாகக் கொடுக்க வேண்டும். எங்களைப் பொறுத்தவரை அது இலாபமான வணிகமே.

ஆப்பிள் டிவியின் முகப்பு நான்கிலும் அமைதியானது என்றே சொல்ல வேண்டும். விலைதான் தடை, 2022-இல் வந்த மாதிரியின் விலை அப்போது இந்தியாவில் 14,900 ரூபாயாக இருந்தது. அதன் ரிமோட்டின் வரலாற்றில் ஒரு பாடம் இருக்கிறது. 2015-இல் வந்த ரிமோட்டின் மேற்பகுதி, விரலால் வருடும் கண்ணாடிப் பரப்பு. பார்க்க அழகு, ஆனால் இருட்டில் எது தலை, எது வால் என்று கைக்குத் தெரியாது, விரல் சற்று நடுங்கினாலும் திரையில் தேர்வு நகர்ந்துவிடும். 2021-இல் வந்த ரிமோட்டில் மேல், கீழ், இடம், வலம் என்று அழுத்தக்கூடிய வளையம் வந்தது. முதிய கைக்குத் தேவை, அழுத்தினால் அழுந்தியது என்று சொல்லும் பொத்தானே என்பதை அத்தகைய பெரிய நிறுவனமும் ஆறு ஆண்டுகள் கழித்தே ஏற்றுக்கொண்டது.

உம்மாவின் "வேண்டாம்"

எங்கள் உம்மாவின் அறையில் முதலில் பொருத்திய ஸ்டிக்கின் ரிமோட்டில், திரைப்படச் சேவைகளுக்கு நேரே செல்லும் குறுக்குவழிப் பொத்தான்கள் நான்கு இருந்தன. திரும்பிச் செல்லும் பொத்தானைத் தேடும் பெருவிரல் அவற்றில் ஒன்றில் படும். ரமலான் இரவில் ஹரம் ஷரீஃபின் காட்சி மறைந்து, உரத்த இசையுடன் ஏதோ ஒரு திரைப்பட முன்னோட்டம் அறையை நிறைக்கும். பதறிப்போய் அவர் சுவரிலுள்ள சுவிட்சையே அணைத்துவிடுவார். குரலால் தேடிப் பார்க்கச் சொன்னோம். அவருடைய உச்சரிப்புக்கு அக்கருவி வேறெதையோ கொண்டுவந்து நிறுத்தியது.

சில வாரங்களில் அவர் தொலைக்காட்சியைத் தொடுவதை விட்டுவிட்டார். கேட்டால், "வேணாம் வாப்பா, கண்ணு வலிக்குது" என்றார். பின்னொரு நாள் மருமகளிடம் மட்டும் சொன்னார்: "ஒவ்வொரு தடவையும் புள்ளைய எழுப்ப வேண்டியிருக்கு. எனக்குச் சங்கடமா இருக்கு."

அந்தச் சங்கடம் மக்கா நேரலையைப் பற்றியது மட்டுமன்று. வாப்பாவின் கேசட்டுகளும் அதே திரையில்தான் இருந்தன. நாற்பது ஆண்டுகளுக்கு முன் கணவர் தமக்கென்று பேசி அனுப்பியதை, மகனைக் கூப்பிட்டு, "அதைப் போடு" என்று சொல்லி, அவன் பக்கத்தில் நிற்கக் கேட்பதில் எந்தப் பெண்ணுக்கும் கூச்சம் இருக்கும். கடிதமாக இருந்திருந்தால் பெட்டியைத் திறந்து தாமே எடுத்துப் படித்திருப்பார். கணினிக் கோப்பாக மாற்றியதில் குரல் அழியாமல் பாதுகாக்கப்பட்டது. அதைத் தனிமையில் கேட்கும் வழி அவரிடமிருந்து விலகிப்போயிருந்தது.

முதியோரின் "வேண்டாம்" பெரும்பாலும் விருப்பமின்மை அன்று. பிறரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்னும் நாகரிகம் அது. ஒரு கருவியின் எளிமையை நாங்கள் அளக்கும் முறை அன்றிலிருந்து தெளிவாயிற்று: வீட்டிலேயே மிகத் தயங்கும் ஒருவர், எவரையும் கூப்பிடாமல் அதைப் பயன்படுத்த முடிய வேண்டும்.

சொந்தச் சேமிப்புக்கான மென்பொருள்கள்

குடும்பக் கோப்புகளைத் திரையில் ஒழுங்காகக் காட்டுவதற்கு மென்பொருள் வேண்டும். நாங்கள் ஒப்பிட்டவை மூன்று: கோடி, பிளெக்ஸ், ஜெல்லிஃபின்.

கோடி 2002-இல் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுப் பெட்டிக்கான இயக்கியாகத் தோன்றி, எக்ஸ்பிஎம்சி என்ற பெயரில் வளர்ந்து, 2014-இல் இப்பெயரைப் பெற்றது. இலவசம், மூல நிரல் வெளிப்படையானது. ஏறக்குறைய எந்தக் கோப்பையும் அப்படியே இயக்கிவிடும். அமைப்புகள் மிகுதி, முதன்முறை திறப்பவர் மிரண்டுபோவார். ஆனால் பொறுமையுள்ள ஒருவர் ஓர் அந்தி நேரத்தைச் செலவிட்டு, முகப்பிலுள்ள தேவையற்ற பிரிவுகளையெல்லாம் மறைத்துவிட்டால், பயன்படுத்துவோருக்கு அது மிக எளியதாகிவிடும். அமைப்பவருக்குக் கடினம், பயன்படுத்துபவருக்கு எளிது. வீட்டில் இது நியாயமான பங்கீடு. ஒரு வீடியோ முடிந்தால் பட்டியலுக்குத் திரும்பி அமைதியாக நின்றுவிடுவதும் அதன் நற்குணம்.

பிளெக்ஸும் அதே எக்ஸ்பிஎம்சியிலிருந்து கிளைத்ததே. ஒரு கணினியில் அதன் சேவையகத்தை நிறுவினால் வீட்டிலுள்ள எல்லாத் திரைகளுக்கும் அது பரிமாறும். மூன்றிலும் தோற்றப்பொலிவு மிக்கது, தொடங்குவதும் எளிது. ஆனால் நம் வீட்டுக் கோப்பை நாமே பார்க்க அந்நிறுவனத்தில் கணக்குத் தொடங்க வேண்டும். அது வழங்கும் விளம்பரப் படங்களும் முகப்பில் இடம்பெறும். அவற்றை நாமே நீக்க வேண்டும். வெளியூரிலிருந்து நம் கோப்புகளைப் பார்க்கும் வசதி 2025 ஏப்ரலில் கட்டணச் சேவையாயிற்று.

ஜெல்லிஃபின் 2018 டிசம்பரில் பிறந்தது. எம்பி என்னும் மென்பொருள் தன் மூல நிரலை மூடிக்கொண்டபோது, அதிலிருந்து பிரிந்த தன்னார்வலர்கள் உருவாக்கியது. கட்டணம் இல்லை, வெளியார் கணக்கும் தேவையில்லை. ஒவ்வொருவருக்கும் தனிப் பெயர் தந்து, அவர் எந்தெந்தத் தொகுப்பைக் காணலாம் என்று வரையறுக்கலாம். இன்ன கிழமையில், இன்ன நேரத்தில் மட்டுமே ஒரு பிள்ளையின் கணக்கு திறக்க வேண்டும் என்றும் அமைக்கலாம்.

இத்தகைய சேவையகங்களில் குடும்ப வீடியோக்களைத் "திரைப்படங்கள்" என்ற பிரிவில் சேர்க்கக் கூடாது. மென்பொருள் கோப்பின் பெயரைக் கொண்டு இணையத்தில் தேடி, மாமாவின் நிக்காஹ் வீடியோவுக்கு ஏதோ ஒரு சினிமாவின் சுவரொட்டியை ஒட்டிவிடும். "வீட்டு வீடியோக்கள்" என்னும் தனிப்பிரிவு அதற்கென்றே இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். "எல்லாப் படமும் இலவசம்" என்று சொல்லி விற்கப்படும் பெட்டிகள் சில சந்தையில் உள்ளன. பிறர் உழைப்பை உரிமையின்றி எடுத்துத் தரும் துணைநிரல்களை அவற்றில் ஏற்றியிருப்பார்கள். கோடியை உருவாக்குவோரே இதனைத் தொடர்ந்து கண்டித்துவருகிறார்கள். அம்மென்பொருள் தன்னளவில் எந்தப் படத்தையும் வழங்குவதில்லை. காசு கொடுக்காமல் கிடைப்பதெல்லாம் எளிமை ஆகாது. நமக்கு உரிமையில்லாததை நம் கூடத்தில் ஓடவிடுவது ஹலாலா என்று பிள்ளைகள் கேட்டால் நம்மிடம் விடை இருக்க வேண்டும்.

வெளியேறும் வாசல்

உம்மாவுக்கு நுழையும் வாசல் கடினமாக இருந்தது என்றால், பிள்ளைக்கு அது வழுக்குமரம் போல இருந்தது. ஏழு வயது மகனுக்கு எந்தக் கருவியும் பத்து நிமிடத்தில் வசப்பட்டுவிடுகிறது. அவனுக்குக் கடினமாக இருப்பது நிறுத்துவதே. அதில் அவன் குற்றம் மிகக் குறைவு. ஒன்று முடியுமுன்பே அடுத்தது வரிசையில் நிற்கிறது, எண்ணிக்கை இறங்கிக்கொண்டிருக்கிறது, சும்மா இருந்தாலே போதும், அடுத்தது ஓடும். தொடர வேண்டுமானால் ஒன்றும் செய்ய வேண்டாம், நிறுத்த வேண்டுமானால் ஏதேனும் செய்ய வேண்டும் என்னும் அமைப்பு அது. பாங்கு கேட்டவுடன் எழுந்து செல்ல வேண்டிய பெரியவர்களான நமக்கே, "இது முடியட்டும்" என்று சொல்ல முடிவதில்லை. ஏனெனில் அங்கே எதுவும் முடிவதில்லை.

இதைச் சரிசெய்யும் வசதிகள் பெரும்பாலும் உள்ளேயே இருக்கின்றன. தேடி எடுக்க வேண்டும். யூடியூபில் அடுத்தது தானாக ஓடுவதை அணைக்கும் விசை உண்டு. யூடியூப் கிட்ஸ் செயலியில் நேரக் கடிகாரம் உண்டு. வைத்த நேரம் தீர்ந்ததும் செயலி பூட்டிக்கொள்ளும். நெட்ஃபிளிக்ஸ் 2020 பிப்ரவரி முதல், முன்னோட்டங்கள் தானாக ஓடுவதை நிறுத்திக்கொள்ளும் உரிமையைப் பயனருக்குத் தந்திருக்கிறது. அடுத்த பகுதி தானாக ஓடுவதையும் அணைக்கலாம். கூகுள் டிவியின் குழந்தைக் கணக்கில் நாளொன்றுக்கு இத்தனை மணி என்றும், உறங்கும் நேரம் எது என்றும் வரையறுக்கலாம்.

ஆனால் இவற்றையெல்லாம்விட எங்கள் வீட்டில் அதிகம் பயன்பட்டது ஒரு சிறு பழக்கம். தொலைக்காட்சியைப் போடுமுன் எதைப் பார்க்கப் போகிறோம், எத்தனை பார்க்கப் போகிறோம் என்று வாய்விட்டுச் சொல்லிவிடுவது. பெரியவர்களும் சொல்ல வேண்டும். நிய்யத் வைத்துத் தொடங்கும் காரியத்துக்கு ஒரு முடிவும் இருக்கிறது. "என்னதான் இருக்கிறது பார்ப்போம்" என்று தொடங்குவதற்கு முடிவில்லை.

எங்கள் வீட்டின் இப்போதைய ஏற்பாடு

கூடத்துத் தொலைக்காட்சிக்கு ஜெல்லிஃபின். ஒரு பழைய மடிக்கணினி சேவையகமாக இருக்கிறது. அதன் பேட்டரி சிறு மின்வெட்டுகளைத் தாங்கிக்கொள்கிறது. மகனின் கணக்கு மாலை 5 மணி முதல் 6 மணி வரை மட்டும் திறக்கும். பெரும்பாலும் மஃரிபுக்கு முன் அது மூடியிருக்கும். யாரும் யாரையும் அதட்ட வேண்டியதில்லை.

உம்மாவின் அறைக்குக் கூகுள் டிவி வகைக் கருவி ஒன்று, "செயலிகள் மட்டும்" நிலையில். அவர் பயன்படுத்துவன இரண்டே சின்னங்கள், இரண்டும் வரிசையின் முன்னணியில். ஒன்று யூடியூப், மக்கா நேரலை அலைவரிசைக்கு மட்டும் சந்தா செய்த தனிக் கணக்கு. மற்றொன்று கோடி. ரிமோட்டிலுள்ள குறுக்குவழிப் பொத்தான்களின் மேல் பிளாஸ்திரித் துண்டு ஒட்டி மறைத்துவிட்டோம்.

அவருக்கு ஜெல்லிஃபின் வேண்டாம், கோடியே போதும் என்று முடிவெடுத்ததற்குக் காரணம் உண்டு. ஜெல்லிஃபினும் பிளெக்ஸும் யார் எதைப் பார்த்தார் என்பதைச் சேவையகத்தை நிர்வகிப்பவருக்குக் காட்டும். பிள்ளைகள் விஷயத்தில் அது பயனுள்ளது. உம்மா எந்த இரவில் எந்தக் கேசட்டைக் கேட்டார் என்பது மகன் அறிய வேண்டிய செய்தியன்று. எனவே அந்தக் கோப்புகளை அவர் அறையிலுள்ள சிறு ஹார்டுடிஸ்கிலேயே வைத்தோம்.

கேசட்டுகளை எப்படி அடையாளம் காட்டுவது என்பது எஞ்சியிருந்தது. "கேசட் 1, கேசட் 2" என்று பெயரிட்டால் அவருக்கு ஒன்றும் விளங்காது. ஒவ்வொரு கேசட்டின் உறை மீதும் வாப்பா பச்சை மையால் தேதியும் ஊரும் எழுதியிருந்தார்கள். அந்த உறைகளைப் படமெடுத்து, ஒவ்வொரு கேசட்டுக்கும் தனிக் கோப்புறை அமைத்து, படத்தை அதற்குள் "ஃபோல்டர்" என்னும் ஆங்கிலப் பெயரிட்டு ஜேபெக் கோப்பாக வைத்தோம். கோடி அப்படத்தையே அக்கோப்புறையின் முகமாகக் காட்டும். இப்போது திரையில் வாப்பாவின் கையெழுத்து ஒன்பது முறை தெரிகிறது. உம்மா பட்டியலைப் படிப்பதில்லை; கையெழுத்தைப் பார்த்து அழுத்துகிறார். அல்ஹம்துலில்லாஹ்.

வாங்குமுன்னும் வாங்கிய பின்னும்

நம் குடும்பங்களுக்குப் பயன்படும் என்று நாங்கள் கருதும் சில குறிப்புகள்:

1. கருவியைத் தேர்ந்தெடுக்குமுன் அதன் ரிமோட்டைப் பெரியவர் கையில் கொடுத்துப் பாருங்கள். விளக்கை அணைத்துவிட்டு, "நடுப்பொத்தான் எது?" என்று கேளுங்கள்.

2. இரண்டு ரிமோட்டுகள் இருப்பதே பாதிக் குழப்பம். ஹெச்டிஎம்ஐ-சிஇசி என்னும் வசதியை இயக்கிவிட்டால், கருவியின் ரிமோட்டை அழுத்தினாலே தொலைக்காட்சியும் விழித்து, உரிய இணைப்புக்குத் தானே மாறிக்கொள்ளும். சாம்சங் இதனை எனிநெட்+ என்றும், எல்ஜி சிம்ப்லிங்க் என்றும், சோனி பிராவியா சிங்க் என்றும் அழைக்கின்றன.

3. கருவிக்கு மின்சாரத்தைத் தொலைக்காட்சியின் யூஎஸ்பி துளையிலிருந்து எடுக்காதீர்கள். அதன் ஆற்றல் பல நேரம் போதாமல், கருவி இடையிடையே அணைந்து எழும். உடன்வரும் அடாப்டரையே பயன்படுத்துங்கள்.

4. படம் திக்கினால் உடனே கருவியைக் குறைசொல்ல வேண்டாம். முழு ஹெச்டி தெளிவுக்கு 5 எம்பிபிஎஸ் வேகம் போதும் என்கிறது நெட்ஃபிளிக்ஸ். நம் பழைய வீடுகளின் தடித்த சுவர்களே வைஃபையை மறிக்கின்றன. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை தொலைவுக்குச் செல்லும். 5 கிகாஹெர்ட்ஸ் அருகில் வேகமாக இருக்கும். அறைக்கேற்ப மாற்றிப் பாருங்கள்.

5. தானாக ஓடும் வசதிகளை முதல் நாளே அணையுங்கள். பழகிய பிறகு பிள்ளைகளிடமிருந்து எதையும் பறிப்பது போராட்டமாகும்.

6. நான்கு வரிகளுக்கு மேற்படாத குறிப்பைப் பெரிய எழுத்தில் தமிழில் எழுதித் தொலைக்காட்சியின் அருகே ஒட்டுங்கள். நான்கு வரிகளில் எழுத முடியவில்லையெனில், ஏற்பாடு இன்னும் எளிதாகவில்லை என்று பொருள்.

7. ஒரு வாரம் கழித்து, பெரியவர் தாமே இயக்குவதைப் பின்னால் அமர்ந்து பாருங்கள். ரிமோட்டை வாங்கிவிடாதீர்கள். அவர் தயங்கும் இடங்களைக் குறித்துக்கொண்டு, அவ்விடங்களை மாற்றியமையுங்கள். அவரை மாற்ற முயல வேண்டாம்.

சகோதர சகோதரிகளே, பெற்றோருக்கு உணவும் மருந்தும் உடையும் குறைவின்றித் தருகிறோம். பிறரைக் கேட்காமல் தம் விருப்பத்தைத் தாமே நிறைவேற்றிக்கொள்ளும் சிறு சுதந்திரத்தையும் அவர்களுக்குத் தருவது பணிவிடையின் ஒரு பகுதியே. பிள்ளைகளுக்கு நல்லவற்றைக் காட்ட விரும்புகிறோம். போதும் என்று எழுந்து செல்லும் பழக்கத்தையும் உடன் தருவது வளர்ப்பின் ஒரு பகுதி. ஒரு கருவி இவ்விரண்டுக்கும் இடம் கொடுக்குமானால், விலை எதுவாயினும், பெயர் எதுவாயினும், அதுவே நம் வீட்டுக்கு ஏற்றது.

நம் பெற்றோரின் மனங்குளிர நடக்கவும், நமக்கு அளிக்கப்பட்ட நேரத்தைப் பயனுள்ளதாக்கிக்கொள்ளவும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.